சில்லு வைத்த பங்களா

அருள்நேசனின் வீட்டுக்கு அடியில் சில்லுகள் இருந்தன. இது அவருக்கும், அவருடைய மனைவி பியற்றிசுக்கும், லூயிஷாமில் இருக்கும் மகள் றூபினிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். பக்கத்து வீட்டு டெறிக்குக்கும் தெரியும். ஆனால் டெறிக்கின் வீட்டுக்கு அடியிலும் சில்லுகள் இருந்தபடியால் அவரைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

லண்டனின் வடக்கு விளிம்பில், எம்-25 வீதியின் இரைச்சல் கேட்கும் தூரத்தில், அப்படியான வீடுகள் வரிசையாக நிற்கும் இடம் அது. பார்க் ஹோம் என்பார்கள். தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்து, வீதியால் இழுத்து வந்து, நிறுத்தவேண்டிய இடத்தில் இரண்டையும் பொருத்திவிடுவார்கள். அடியில் நீளமான இரும்புச் சட்டம், சட்டத்தில் அச்சு, அச்சில் உருளும் சில்லு. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர் கட்டி, சுவருக்கு முன்னால் நாலு ரோசாச் செடியும் வைத்துவிட்டால், தூரத்தில் இருந்து பார்க்கிற எவரும் பங்களா என்றுதான் சொல்வார்கள். பியற்றிஸ் உள்ளே குடியிருந்துகொண்டும் அப்படித்தான் சொன்னார்.

அது பொய்யும் இல்லை. இங்கிலாந்தில் மாடி இல்லாத வீட்டுக்குப் பங்களா என்றுதான் பெயர். கேட்ட சனம் தூண் வைத்த மாளிகை என்று விளங்கிக்கொண்டால் அதற்குப் பியற்றிஸ் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியிருந்தது படி இல்லாத வீடு. எட்மண்டனில் இருந்த பழைய வீட்டில் ஏறி இறங்கியே இரண்டு முழங்காலும் போய்விட்டன. அருள்நேசன்தான் பல மாதம் தேடி இந்த வீட்டைப் பிடித்தார். வாசலுக்கு ஒரு சரிவு, உள்ளே ஒரு படியும் கிடையாது.

மறைக்கவேண்டியிருந்த ஆள் கொட்வின். பியற்றிசின் ஒரே தம்பி, கிங்ஸ்பரியில் இருப்பவன். வீடுகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவனுடைய அபிப்பிராயம். முன்பு ஒருமுறை, தெரிந்த ஒருவர் பார்க் ஹோம் வாங்கியபோது, "ஆள் கரவன் வண்டிக்கை குடிபோட்டார். ஆரும் காரிலை கொழுவி இழுத்துக்கொண்டு போனாலும் நித்திரையிலை தெரியாது" என்று சொல்லி, அந்தக் கோடை முழுவதும் எல்லாப் பிறந்தநாள் விழாக்களிலும் சிரித்தான். பியற்றிசும் சேர்ந்து சிரித்தவர். அதுதான் கஷ்டம்.

வீடு மாறி இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கொட்வின் வரப்போகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் ஒருமுறை தடிமன் காய்ச்சல், ஒருமுறை வீதித் திருத்தம், ஒருமுறை றூபினி வருகிறாள் என்று ஏதாவது ஒரு சாட்டு இருந்தது. ஆனால் ஒக்ரோபர் மாதம் வந்தது. செபமாலை மாதம். கொட்வினும் சேர்ந்திருந்த அவர்களுடைய செபக் குழுவின் மாதா சொரூபம் வீட்டுக்கு வீடு போகும். இந்த முறை பியற்றிசின் வீட்டுக்கு வருவதற்குச் சனிக்கிழமை குறித்தாகிவிட்டது. கொட்வினுக்குச் சாட்டுச் சொல்லலாம். மாதாவுக்குச் சொல்ல முடியாது. குழுவை நடத்தும் ஜெஸ்ரின் அக்காவுக்குச் சொல்வதை யோசித்தும் பார்க்க முடியாது.

அதற்கு முந்தின கிழமைதான் படுக்கையறைக் கதவு சாத்த மறுத்தது.

"இஞ்சாருங்கோ, இந்தக் கதவு பூட்டுப்படுதில்லை," என்றார் பியற்றிஸ்.

"ஈரத்துக்கு மரம் பொங்கியிருக்கும்."

அடுத்த நாள் காலை குசினி மேசையில் இருந்து ஒரு தோடம்பழம் விழுந்தது. விழுந்த பழம் விழுந்த இடத்தில் நிற்காமல் மெதுவாக உருண்டு, முன்னறைக்குள் போய், மூலையில் நின்றது. அருள்நேசன் அதை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி நிலத்தில் வைத்தார். அது மறுபடி அதே மூலைக்குப் போனது.

"தோடம்பழமும் ஈரத்துக்குப் பொங்கிட்டுதோ?" என்று கேட்டார் பியற்றிஸ்.

அருள்நேசன் வெளியே போய், செங்கல் சுவரில் ஆள் நுழைவதற்கென்று வைத்திருந்த பலகைக் கதவைக் கழற்றி, ரோச் லைற்றை உள்ளே அடித்துப் பார்த்தார். கறுப்பாக இருக்கவேண்டிய இரும்புச் சட்டம் மண்ணிறமாக, செதில் செதிலாக, கழுவாத பெரிய மீன் மாதிரி நீளத்துக்குக் கிடந்தது. விரலால் தொட்டார். ஒரு செதில் கழன்று கையோடு வந்தது.

"கறள்," என்றார். துருவை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள்.

டெறிக் தன் நாயோடு அந்தப் பக்கம் வந்தார். கோச் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். குனிந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "சுவரில் காற்றுப் போவதற்கு ஓட்டைகள் இருக்கவேண்டுமே, எங்கே?" என்று கேட்டார்.

ஓட்டைகள் இருந்தன. வந்த முதல் குளிர்காலத்தில், அவற்றின் வழியாகத்தான் நிலம் சில்லிடுகிறது என்று கண்டுபிடித்த அருள்நேசன், பீச்சினால் பொங்கி இறுகும் நுரை ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றாக, மிகுந்த கவனத்தோடு அடைத்துவிட்டிருந்தார். மண்ணில் இருந்து கிளம்பிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் இரண்டு வருடமாக இரும்பில் வியர்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"யாரோ அடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது," என்றார் அருள்நேசன் ஆங்கிலத்தில்.

டெறிக் அவர் போட்டிருந்த பழைய ஜக்கெற்றின் கையைப் பார்த்தார். அதில் அதே மஞ்சள் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. டெறிக் நாயின் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

அன்றே நுரையை வெட்டி எடுக்கும் வேலை தொடங்கியது. பாதி ஓட்டைகள் திறந்த பிறகுதான், தன் பாண் வெட்டும் கத்தி எங்கே போனது என்று பியற்றிசுக்குத் தெரிய வந்தது. அதற்காக அன்று பின்னேரம் தேநீர் கிடைக்கவில்லை.

றூபினி போனில் கெஞ்சினாள். "அப்பா, ஆரையாவது ஆளைப் பிடிச்சுச் செய்யுங்கோவன், ப்ளீஸ். உங்கடை வயசுக்கு இது தேவையோ?"

"நான் பாசையூரான். கடற்கரையிலை பிறந்தவனுக்குக் கறளைப் பற்றி நீ சொல்லித் தரப்போறியோ?"

பாசையூரில் பிறந்தது உண்மைதான். ஆனால் அவருடைய தகப்பன் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கடலில் கால் நனைத்தது குறைவு. வீட்டில் இருந்த பெரிய இரும்புச் சாமான் ஒரு சைக்கிள். அதையும் கடையில் கொடுத்துத்தான் துடைப்பித்தார்கள்.

அருள்நேசனுக்குத் தெரிந்ததெல்லாம் இணையத்தில் பார்த்த வீடியோக்கள் சொன்னதுதான். முதலில் கம்பி பிறஷால் சுரண்டவேண்டும். பிறகு துருவுக்கான மருந்தைப் பூசவேண்டும். அது காய்ந்ததும் கறுப்பு பெயின்ற். அவ்வளவுதான். வீடியோவில் அதைச் செய்த இளைஞன் எழுந்து நின்றபடி செய்தான் என்பதை அருள்நேசன் கவனிக்கவில்லை.

முழு உடம்பையும் மூடும் நீல உடுப்பு, கண்ணாடி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, பழைய கார்ப்பெற் துண்டு ஒன்றை விரித்து, மல்லாந்து படுத்து, முதுகால் ஊர்ந்து உள்ளே போனார். முதல் நாள் வெளியே வந்தபோது மிளகாய்த்தூள் ஆலையில் வேலை முடித்து வருகிறவர் போல இருந்தார். பியற்றிஸ் அவரைத் தோட்டத்துக் குழாயடியில் நிறுத்தி வைத்து, செடிக்கு அடிப்பது போலத் தண்ணீர் அடித்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார்.

ஆனால் இரண்டு மூன்று நாளில் அவருக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சுரண்டச் சுரண்ட உள்ளே இருந்து நல்ல இரும்பு சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. முக்கியமான இரண்டு நீளச் சட்டங்களும் மேலாகத்தான் கறள் பிடித்திருந்தன. உள்ளே உறுதியாக இருந்தன. அந்த மருந்துதான் அவரை முற்றாக மயக்கிவிட்டது.

"பாலைப்போல வெள்ளையாய்ப் பூசுறன், பியற்றிஸ். பாத்துக்கொண்டிருக்கக் கறுத்துக்கொண்டு வருது!"

"தலைமயிருக்கும் அப்பிடி ஒண்டு இருந்தால் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை. அது ஒரு அதிசயம்."

"அதிசயத்தை எனக்குச் சொல்லுங்கோ. சனிக்கிழமை கொட்வினுக்கு முன்னாலை வாய் திறந்தியளோ, பிறகு நீங்கள் சில்லுக்குப் பக்கத்திலைதான் படுக்கவேணும்."

சனிக்கிழமை காலை எஞ்சியிருந்தது முன்னறை மூலை மட்டும். அந்த இடத்தில் நீளச் சட்டத்தில் இருந்து பக்கவாட்டில் நீளும் சிறிய இரும்புக் கைகள்தான் அறை நிலத்தின் ஓரத்தைத் தாங்குகின்றன. அவற்றில் ஒன்று முதல் நாளிலேயே அவருக்குப் பிடிக்காத நிறத்தில் இருந்தது. அதனால்தான் கடைசிவரை விட்டுவைத்திருந்தார். இப்போது ஸ்குரூட்றைவரால் மெல்லக் குத்திப் பார்த்தார். அது ஒரு பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் வந்தது.

அதற்கு மருந்து இல்லை. புது இரும்புதான் போடவேண்டும். தோடம்பழம் ஏன் அந்த மூலைக்கே போனது என்பதும் அவருக்கு அப்போது விளங்கியது.

இதைச் சொல்லலாம் என்று உள்ளே வந்தார். அந்த மூலையில், அந்த இரும்புக் கைக்கு நேர் மேலே, பியற்றிஸ் வெள்ளைத் துணி விரித்த மேசையை வைத்து, மாதாவுக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அருள்நேசனுக்கு வாய் வரவில்லை.

"மேசையைக் கொஞ்சம் குசினிப் பக்கம் தள்ளி வைச்சால் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"மாதாவைக் குசினிக்கை வைக்கிறதோ? போங்கோ, போய்க் குளியுங்கோ."

"சின்ன வேலை ஒண்டு இருக்கு. இப்ப வந்திடுவன்."

"ஆக்கள் வரமுதல் வெளியிலை வந்திடவேணும். சரியே?"

"ஓம், ஓம்."

அவருடைய திட்டம் எளிமையானது. டெறிக்கிடம் காரைத் தூக்கும் ஜக் ஒன்று இரவல் வாங்கியாயிற்று. மரக்கட்டை ஒன்றை மண்ணில் வைத்து, அதன் மேல் ஜக்கை நிறுத்தி, பழுதான இடத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டால் செபம் முடியும்வரை தாங்கும். ஜக்கைத் தலைமாட்டில் தள்ளிக்கொண்டு ஊர்ந்து போனார். சில்லைக் கடந்து, அச்சைக் கடந்து, மூலையை நெருங்கும்போது, முதுகுப்பக்கம் நீல உடுப்பு எங்கேயோ கொழுவிக்கொண்டது. முன்னால் தள்ளினார். வரவில்லை. பின்னால் இழுத்தார். இன்னும் இறுகியது. கையைப் பின்னால் கொண்டுபோக இடமில்லை. வயிறும் விடவில்லை. போன், சலவை மெஷினுக்கு மேலே பத்திரமாக இருந்தது.

கூப்பிட்டால் பியற்றிசுக்குக் கேட்கும். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தார். அப்போது கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

லண்டன் தமிழர் எந்த விசேஷத்துக்கும் பிந்தித்தான் வருவார்கள் என்ற நம்பிக்கையில் அவர் இருந்தார். ஜெஸ்ரின் அக்கா எப்போதும் முந்தி வருகிறவர் என்பதை மறந்துபோனார். அவர் மாதாவோடு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கார்கள். கடைசியாக வந்த காலடிச் சத்தம் அருள்நேசனுக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய மூக்குக்கு நேர் மேலே வந்து நின்றது.

"சும்மா சொல்லக்கூடாது, அக்கா," என்றான் கொட்வின். "இதெல்லோ பங்களா! நிலத்தைப் பாருங்கோ, கல்லுமாதிரி." சொல்லிக்கொண்டே காலால் இரண்டு உதை கொடுத்துக் காட்டினான். அருள்நேசனின் கண்ணாடியில் கறள் பொழிந்தது.

"அத்தான் எங்கை?"

"கடைக்குப் போட்டார். பால் முடிஞ்சுபோச்சு," என்றார் பியற்றிஸ்.

இப்போது கூப்பிட்டால் பால் வாங்கப் போன மனிதன் வீட்டுக்கு அடியில் இருந்து குரல் கொடுத்ததாக ஆகும். அருள்நேசன் வாயை மூடிக்கொண்டார்.

சிறிது நேரத்தில் மேலே இன்னொரு நடை கேட்டது. ஒரு காலை ஊன்றி மற்றதை இழுக்கும் பியற்றிசின் நடை. அது அறை முழுக்கச் சுற்றி வந்து, குதிக்காலால் நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. நிற்கிறீர்களா என்று அர்த்தம். அருள்நேசன் விரலை மடித்து மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.

"சத்தம் போடாமல் இருக்கவேணும், விளங்குதோ?" என்று மேலே பியற்றிஸ் சொன்னார்.

"ஆரைச் சொல்லுறீர்?" என்று கேட்டார் ஜெஸ்ரின் அக்கா.

"பிள்ளையளை."

அன்று பிள்ளைகள் ஒருவரும் வந்திருக்கவில்லை.

செபமாலை தொடங்கியது. அருள்நேசன் கீழே படுத்தபடியே உதடு அசைத்து மறுமொழி சொன்னார். செபமாலையின் ஐந்து பகுதிகளைக் காரணிக்கங்கள் என்பார்கள்; சனிக்கிழமை என்றபடியால் மகிழ்ச்சியின் காரணிக்கங்கள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் கதிரையில் இருந்தபடி போயின. நாலாவதுக்கு ஜெஸ்ரின் அக்கா, "எல்லாரும் முழந்தாள்படியிட்டுச் சொல்லுவம்" என்றார்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழங்காலில் விழுந்தார்கள். இரும்பு முனகியது. அருள்நேசன் ரோச் லைற்றைத் திருப்பினார். அந்தப் பழுதான கை அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே, வெயிலில் வைத்த மெழுகுதிரி மாதிரி, மெல்ல வளைந்துகொண்டிருந்தது. ஜக்கைத் தள்ளிப் பார்த்தார். ஒரு சாண் போதவில்லை.

அவர் யோசித்தது கொஞ்ச நேரம்தான். பியற்றிசின் மானம் ஒரு பக்கம். மேலே முழந்தாளில் நிற்கிற சனத்தின் எலும்புகள் மற்றப் பக்கம். அவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பு ஏற்கெனவே சரியில்லை. ஸ்குரூட்றைவரின் பிடியால் மேலே இருந்த நிலப் பலகையில் தட்டினார்.

ஜெஸ்ரின் அக்கா குரலை உயர்த்தினார். அருள்நேசன் இன்னும் பலமாகத் தட்டினார்.

"தண்ணிப் பைப்பாக்கும்," என்று பியற்றிஸ் சொல்வது கேட்டது.

இனிச் சரிவராது என்று முகமூடியைக் கழற்றிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து அருள்நேசன் கத்தினார்: "எல்லாரும் குசினிப் பக்கம் போங்கோ!"

குரல் மாதா சொரூபம் இருந்த மேசைக்கு நேர் கீழே இருந்து வந்தது. செபம் நின்றது.

"என்ன தாயே?" என்று ஜெஸ்ரின் அக்கா நடுங்கும் குரலில் கேட்டார்.

"குசினிக்கு! கெதியா!"

"எழும்புங்கோ!" என்றார் ஜெஸ்ரின் அக்கா. "சொல்லுறது கேக்கேல்லையோ? குசினிக்கு!"

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நடக்க முடியாதவர்களும் அன்று ஓடினார்கள். கொட்வின் மட்டும் நின்றான்.

"மாதா ஏன் அத்தான்ரை குரலிலை கதைக்கிறா?" என்று கேட்டான்.

அதற்கு யாரும் பதில் சொல்வதற்குள் கீழே படார் என்று ஒரு சத்தம். முன்னறை மூலை இரண்டு விரல் கீழே இறங்கியது. மேசை சரிந்தது. பூச்சாடி போனது. மாதா சொரூபம் வெள்ளைத் துணியோடு சறுக்கிக்கொண்டு வந்தது. கொட்வின் பாய்ந்து அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் செய்த மிகத் திறமான காரியம் அதுதான் என்று இன்றைக்கும் பியற்றிஸ் சொல்வார்.

"அக்கா, அத்தான் எங்கை நிக்கிறார்? உண்மையைச் சொல்லுங்கோ."

"கீழை," என்றார் பியற்றிஸ்.

கொட்வினின் முகம் மாறியது. அதில் மரியாதை வந்தது. "கீழையோ? பேஸ்மென்டும் இருக்கோ?"

பியற்றிஸ் தன் கணக்கில் அதுவரை நேரடியாக ஒரு பொய்யும் சொல்லாதவர். பங்களா என்றது உண்மை. பால் முடிந்ததும் உண்மை. அவர்தான் அதை முடித்தார். இந்தக் கேள்விக்கு முன்னால், தம்பி மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றபோது, அவருடைய நாக்கு வழுக்கிவிட்டது.

"ஓம்," என்றார்.

"அப்ப காட்டுங்கோவன்!"

அதோடு முடிந்தது. பியற்றிஸ் வெளியே நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். சரிவில் இறங்கி, ரோசாச் செடிகளைச் சுற்றி, திறந்து கிடந்த பலகைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே இருட்டில் இரண்டு சப்பாத்துகள், அடிப்பக்கம் தெரிய, அசைந்துகொண்டிருந்தன. கொட்வின் மாதாவை ஜெஸ்ரின் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தான்.

"அக்கா," என்றான். "அக்கா, வீட்டுக்குச் சில்லு!"

பிறகு சிரிக்கத் தொடங்கினான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்துச் சிரித்தான். "காத்துப் போச்சோ எண்டு பாத்தனீங்களோ? காருக்குச் செய்யிற எம்.ஓ.ரி. சோதினை முடிஞ்சுதோ?"

"சிரி," என்றார் பியற்றிஸ். "நல்லாச் சிரி கொட்வின். அண்டைக்கு நானும் உன்னோடை சேர்ந்து சிரிச்சனான்தானே. அதாலைதான் உனக்குச் சொல்ல வெக்கமாய்க் கிடந்தது. எட்மண்டன் வீட்டிலை நான் குழந்தைப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு படியிலையும் குந்தி இருந்து இறங்கினது உனக்குத் தெரியுமோ? நீ வாற நாளிலை முதலே இறங்கி வந்து கதிரையிலை இருந்திடுவன். நீ காணேல்லை. உந்த மனுசன் கண்டவர். அவர்தான் நாயாய் அலைஞ்சு இந்த வீட்டைத் தேடி எடுத்தவர். இப்ப ஒரு கிழமையாய் மல்லாக்கக் கிடந்து கறள் சுரண்டுறார், நான் நடக்கிற நிலம் ஆடக்கூடாதெண்டு. எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. சில்லோடை பிடிச்சிருக்கு. உனக்குச் சிரிப்பெண்டால் சிரி."

கொட்வின் சிரிப்பதை நிறுத்தினான். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

கீழே அருள்நேசனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்ததில் இருந்து பியற்றிஸ் எம்-25 இரைச்சலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், குசினி சிறிது என்று சொல்லியிருக்கிறார், ஜன்னலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பிடித்திருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தான் பிழையான வீட்டை வாங்கிவிட்டோமோ என்று அவர் மனதுக்குள் இரண்டு வருடமாக ஒரு யோசனை இருந்தது. கண்ணைத் துடைக்கவேண்டும் போல இருந்தது. கையெல்லாம் கறள்.

"பியற்றிஸ்," என்று மெல்லக் கூப்பிட்டார்.

பியற்றிஸ் சுவரைப் பிடித்துக் கொஞ்சம் குனிந்து, திறந்து விட்டிருந்த காற்று ஓட்டை ஒன்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார். "என்னப்பா? எங்கையும் அடிபட்டதோ?"

"இல்லை. இரும்பு மற்றப் பக்கம்தான் விழுந்தது. நீர் அழாதையும். முதல்லை என்னை ஆரையாவது கொண்டு இழுப்பியும்."

டெறிக் சத்தம் கேட்டு வந்திருந்தார். அவர் ஒரு காலையும் கொட்வின் மற்றக் காலையும் பிடித்தார்கள். இழுத்தார்கள். நீல உடுப்பு விடவில்லை.

"அத்தான், சிப்பைக் கழட்டுங்கோ!"

"கழட்டினால் உள்ளுக்கை..."

"ஆர் பாக்கப்போயினம்? கழட்டுங்கோ!"

சிப் இறங்கும் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே இழுவையாக இழுத்தார்கள். உடுப்பு கால்வரை கிழிந்து உள்ளேயே நின்றுவிட, அருள்நேசன் மட்டும் கார்ப்பெற்றோடு புல்லுக்கு வந்து சேர்ந்தார். குளிருக்கென்று றூபினி நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிக் கொடுத்த, பனிமனிதர் படம் போட்ட நீளமான உள்ளுடுப்பு. முகத்தில் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் கறள். அவர் படுத்தபடியே செபக் குழு முழுவதையும் சுற்றிப் பார்த்து, "வாங்கோ, வாங்கோ" என்றார்.

ஜெஸ்ரின் அக்கா கையில் இருந்த மாதாவை மெதுவாக மற்றப் பக்கம் திருப்பினார்.

முன்னறைக்குள் திரும்பப் போகமுடியாது. ஆனால் தொடங்கிய செபமாலையை நடுவில் விடுகிற ஆளல்ல ஜெஸ்ரின் அக்கா. தோட்டத்து மேசையில் மாதாவை வைத்து, புல்லில் எல்லோரையும் நிறுத்தினார். அருள்நேசனுக்கு ஒரு கம்பளி போர்த்தப்பட்டது. டெறிக் தொப்பியைக் கழற்றி, நாயையும் குந்தி இருக்கச் சொன்னார். பாதியில் விட்ட நாலாவது முடிந்தது.

"ஐந்தாம் காரணிக்கம்," என்று தொடங்கினார் ஜெஸ்ரின் அக்கா. "காணாமற்போன..."

நிறுத்தினார். அந்தக் காரணிக்கம், காணாமற்போன பாலன் இயேசுவைத் தேடிக் கண்டுபிடித்ததைத் தியானிப்பது. அவர் கம்பளிக்குள் நிற்கும் அருள்நேசனைப் பார்த்தார். மறுபடி, "காணாமற்போன..." என்றார். உதடு துடித்தது. முதலில் சிரித்தது அவர்தான். அதற்குப் பிறகு ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. பியற்றிஸ் டெறிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று அந்தக் காரணிக்கம் முடிய நல்ல நேரம் எடுத்தது. றோல்சும் வடையும் புல்லில் நின்றபடியே தீர்ந்தன.

அடுத்த கிழமை இரும்பு வேலை செய்யும் ஒருவர் வந்து, பழுதான கையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டினார். வீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்தி மட்டம் பார்த்தார். படுக்கையறைக் கதவு ஒரு விரலால் தள்ள மூடிக்கொண்டது. கொட்வினும் வந்தான், புத்தம் புதிய வேலை உடுப்போடும் அருள்நேசனிடம் இருந்ததைவிடப் பெரிய ரோச் லைற்றோடும். எஞ்சியிருந்த இடத்துக்கெல்லாம் அவன்தான் மருந்து பூசினான். இப்போது கிங்ஸ்பரியில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பார்க் ஹோம் வாங்குவதற்கு முன்னால் அடியில் எதைப் பார்க்கவேண்டும் என்று ஆட்களைப் பிடித்து வைத்து விளங்கப்படுத்துகிறானாம். கேட்கிறவர்கள் தப்பி ஓட வழி தேடுகிறார்களாம்.

வேலை எல்லாம் முடிந்த அன்று, பலகைக் கதவைப் பூட்டப் போன அருள்நேசனைப் பியற்றிஸ் மறித்தார்.

"நானும் ஒருக்காப் பாக்கப்போறன்."

"உம்முடைய முழங்காலோடை எப்பிடி?"

"நீங்கள் பிடியுங்கோ, நான் நிலத்திலை இருப்பன்."

அது லேசாக நடக்கவில்லை. அவர் ஒரு கையைப் பிடிக்க, பியற்றிஸ் மற்றக் கையால் சுவரைப் பிடித்து, கார்ப்பெற்றில் ஒருமாதிரி இருந்து, பிறகு சரிந்து, பிறகு தலையை உள்ளே நீட்டினார். அருள்நேசன் ரோச் லைற்றை அடித்துக் காட்டினார். இரண்டு நீளச் சட்டமும், குறுக்குச் சட்டங்களும், அச்சும் புதுச் சப்பாத்து மாதிரிக் கறுப்பாக மினுங்கின. சில்லுகளுக்கும் அடித்திருந்தார். தேவையில்லைத்தான். காற்று ஓட்டைகள் வழியாக வெளிச்சம் சின்னச் சின்னச் சதுரமாக மண்ணில் விழுந்திருந்தது.

பியற்றிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். பாராட்டு வரப்போகிறது என்று அருள்நேசன் காத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ."

"சொல்லும்."

"அந்த அச்சுக்குப் பின்னாலை, இடது பக்கம், ஒரு இடம் பூசாமல் விட்டிருக்கிறியள்."

அவரும் படுத்துப் பார்த்தார். உண்மைதான். உள்ளங்கை அளவு ஒரு இடம்.

"கொட்வின் விட்டது," என்றார்.

"ஆர் விட்டாலும் அது கறள் பிடிக்கும். பிறஷைக் கொண்டு வாங்கோ. நான் ரோச்சைப் பிடிக்கிறன்."

"முதல்லை நீர் எழும்பும்."

"எழும்ப ஏலாது," என்றார் பியற்றிஸ். "அதாலைதான் சொல்லுறன், பிறஷைக் கொண்டு வாங்கோ."